காற்றை அடைத்து வைக்கும் கூடு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் விமானத்தின் இறக்கைகளைப் பற்றி எழுதியதற்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இறக்கையைப் பற்றியவை அல்ல. இறக்கைகள் எதில் பொருத்தப்பட்டிருக்கின்றனவோ அந்த உடலைப் பற்றியவை. ஆகவே இம்முறை உடலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விமானப் பராமரிப்புக் கூடத்தில் தகடுகளையும், அவற்றை இணைக்கும் தறையாணிகளான ரிவெட்டுகளையும் பார்த்தே பல ஆண்டுகளைக் கழித்தவன் நான். பதில்களில் அந்தச் சாய்வு தெரிந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ‘ஃபியூஸ்லேஜ்’ என்பதற்கு நல்ல தமிழ்ச் சொல் உண்டா? (மதுரை வாசகர்)

பாடநூல்கள் ‘உடற்பகுதி’ என்கின்றன; அதில் குறையொன்றும் இல்லை. மூலச் சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. நூல் நூற்கும் கதிரைக் குறிக்கும் சொல்லே அதன் வேர். தக்களியில் நூல் சுற்றச் சுற்ற நடுவில் பருத்து, இரு நுனிகளிலும் ஒடுங்கி நிற்கும் கதிரைப் பார்த்தவர்களுக்கு முற்காலத்து விமானங்களுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்பது விளங்கும். இன்றைய பயணிகள் விமானத்துக்கு அந்த உவமை அவ்வளவாகப் பொருந்தாது. மூக்கும் வாலும் மட்டுமே ஒடுங்குகின்றன. நடுப்பகுதி நெடுக ஒரே சுற்றளவுள்ள குழாய். அப்படி வைத்திருப்பதில் ஒரு வியாபாரத் தந்திரமும் இருக்கிறது: குழாயை நடுவில் வெட்டி, அதே அளவுள்ள இன்னொரு துண்டைச் சேர்த்தால் பெரிய விமானம் கிடைத்துவிடும். 1967இல் முதலில் பறந்த போயிங் 737 ஏறத்தாழ 28.6 மீட்டர் நீளம். பின்னாளில் வந்த 737-900 ரகம் 42 மீட்டர். அகலம் மட்டும் அன்றும் இன்றும் 3.76 மீட்டர்தான்.

நான் ‘உடற்கூடு’ என்று எழுதுகிறேன். அச்சில் ஓர் எழுத்து மாறினால் ‘உடற்கூறு’ ஆகி மருத்துவப் பக்கத்துக்குப் போய்விடும் என்ற அபாயம் மட்டும் உண்டு.

கேள்வி: விமானத்தைத் தூக்குவது இறக்கை. உடல் வெறும் குழாய்தானே? அதையும் அறை போலச் சதுரமாகக் கட்டினால் இடம் மிச்சமாகாதா? (திருநெல்வேலி வாசகர்)

மிச்சமாகும். ஆனால் அந்தச் சதுரம் பறக்கத் தொடங்கிய அரை மணி நேரத்தில் உருண்டையாக முயலும்.

11,000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் தரையில் உள்ளதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தக் காற்றில் மனிதர் நினைவோடு இருக்க முடியாது என்பதால், பயணிகள் இருக்கும் பகுதிக்குள் காற்றை அழுத்தி அடைத்து வைக்கிறார்கள். தரையில் உள்ள அளவுக்கு அடைப்பதில்லை. பெரும்பாலான விமானங்களில் உச்ச உயரத்தில் உள்ளே இருப்பது சுமார் 2,400 மீட்டர் உயரத்து மலைக்காற்று. உதகை நகரத்துக்கும் தொட்டபெட்டா உச்சிக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அப்படிக் குறைத்து அடைத்த பிறகும் உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஐந்து டன்னுக்கு மேல் வெளிநோக்கித் தள்ளுகிறது. நீங்கள் சாய்ந்து தூங்கும் அந்தச் சிறிய ஜன்னலின் மீது மட்டும் ஏறத்தாழ 400 கிலோ. பயணிகள் ஏறும் கதவின் மீது எட்டு டன்.

தட்டையான சுவர் இந்தத் தள்ளலைத் தாங்க வேண்டுமானால் வளைந்து புடைக்காதபடி தடித்த சட்டங்கள் வேண்டும்; எடை கூடும். வட்டமான சுவருக்கு வளையவே வேலையில்லை. சுற்றிலும் இழுபட்டால் போதும். மெல்லிய தகட்டை வளைப்பது எளிது, இழுத்து அறுப்பது கடினம் என்பது தகர டப்பாவைக் கையாண்ட எவருக்கும் தெரிந்ததுதான். உள்ளே அழுத்தம் ஏற்றாமல் தாழ்வாகப் பறக்கும் விமானங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. வட அயர்லாந்தில் தயாரான ஷார்ட்ஸ் 330, 360 ஆகியவை நீங்கள் கேட்ட அதே பெட்டிகள்தாம். அழகு என்று யாரும் சொன்னதில்லை, ஆனால் உள்ளே தலை இடிக்காது.

உடற்கூடு வெறும் குழாய் என்பதும் சரியல்ல. விமானம் நிலையாகப் பறக்கும்போது வாலிலுள்ள சிறு இறக்கை பெரும்பாலும் கீழ்நோக்கியே அழுத்துகிறது. முன்புறம் மூக்கின் எடை இழுக்கிறது. நடுவில் பெரிய இறக்கை மேலே தூக்குகிறது. தோளில் வைத்த காவடித் தண்டின் நிலைதான் உடற்கூட்டுக்கு. காவடித் தண்டு காற்றடைத்த பையாகவும் இருக்க வேண்டும் என்பதே இதில் உள்ள சிக்கல்.

கேள்வி: அந்தச் சுவர் எத்தனை அங்குலத் தடிமன் இருக்கும்? (காரைக்கால் வாசகர்)

அங்குலக் கணக்கை மறந்துவிடுங்கள். 737 விமானத்தின் மேற்பகுதியில் பல இடங்களில் தோல்தகட்டின் தடிமன் சுமார் ஒரு மில்லிமீட்டர், ஏ.டி.எம். அட்டையைவிடச் சற்றே கூடுதல். தாமிரம் கலந்து உரமேற்றிய அலுமினியக் கலவை அது. உள்ளே சுமார் அரை மீட்டருக்கு ஒன்றாக வளையச் சட்டங்கள் நிற்கும். அவற்றின் குறுக்கே மூக்கிலிருந்து வால்வரை மெல்லிய நெடுஞ்சட்டங்கள் ஓடும். எங்கள் கூடத்தில் இவற்றை ஃபிரேம், ஸ்டிரிங்கர் என்போம். தோல், ஃபிரேம், ஸ்டிரிங்கர் மூன்றையும் ரிவெட்டுகள் ஒன்றாகத் தைத்திருக்கும்.

உங்கள் கடற்கரையில் படகு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். படகின் அடிமரமான ஏராவின் மீது வங்குகளை, அதாவது விலாக்கட்டைகளை, நிறுத்திப் பிறகு பலகை அடிக்கிறார்கள். வடிவத்தில் விமானக் கூடும் அதேதான்; வேலையில் வேறுபாடு உண்டு. படகில் எலும்புதான் முதலில் பாரம் சுமக்கும். விமானத்தில் பாரத்தின் பெரும்பங்கைத் தோலே சுமக்கிறது. சட்டங்கள் அது மடங்கிவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. இந்த எண்ணத்தை முதலில் துணிந்து நிறைவேற்றியது 1912இல் பிரான்சில் உருவான டெபெர்துசன் பந்தய விமானம். மெல்லிய மரச்சீவல்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, உள்ளே எலும்பே அதிகம் இல்லாத முட்டை ஓடு போன்ற உடலைச் செய்தார்கள். மணிக்கு நூறு மைலைத் தாண்டிய முதல் விமானம் அதுதான்.

கேள்வி: ஜன்னல்கள் ஏன் முட்டை வடிவில் இருக்கின்றன? கண்ணாடியின் அடிப்பக்கத்தில் ஒரு பொடித் துளையும் பார்த்தேன். உடைந்த கண்ணாடியா? (கோயம்புத்தூர் வாசகர்)

துளைக்குப் பதில் சுருக்கமானது. ஜன்னலில் மூன்று அடுக்குகள் உண்டு. உங்கள் விரல் படுவது கீறல் தாங்கும் வெறும் மறைப்பு. அழுத்தத்தைச் சுமப்பது வெளி அடுக்கு. அது உடைந்தால் காப்பாற்ற நடு அடுக்கு. துளை நடு அடுக்கில் இருக்கிறது. உள்ளேயிருக்கும் காற்று அதன் வழியே இரு அடுக்குகளுக்கும் இடையே சென்று சேர்வதால், சுமை முழுவதும் வெளி அடுக்கின் மீதே விழுகிறது. நடு அடுக்கு உழைக்காமல் புதியதாகவே காத்திருக்கிறது. ஈரம் கோத்துப் பனி படியாமலும் அந்தத் துளை பார்த்துக்கொள்கிறது. அதைச் சுற்றி உறைபனி பூப்போல விரிந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள்.

வடிவத்துக்கான பதில் நீளமானது, துயரமானதும்கூட. உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான பிரிட்டனின் டி ஹாவிலண்ட் காமெட் 1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குப் பயணிகளோடு புறப்பட்டது. 1954 ஜனவரி 10 அன்று ரோம் நகரிலிருந்து கிளம்பிய ஒரு காமெட் எல்பா தீவருகே நடுவானில் சிதறியது. 35 பேர் இறந்தார்கள். பறப்பை நிறுத்தி, ஐயம் எழுந்த இடங்களையெல்லாம் திருத்தி, மீண்டும் தொடங்கினார்கள். ஏப்ரல் 8 அன்று இன்னொன்று நேப்பிள்ஸுக்குத் தெற்கே கடலில் விழுந்தது. 21 பேர் மாண்டார்கள்.

ஃபார்ன்பரோவில் இருந்த அரச விமான ஆய்வு நிலையம் ஒரு காமெட்டின் உடலை அப்படியே பெரிய நீர்த்தொட்டிக்குள் இறக்கியது. இறக்கைகள் மட்டும் இருபுறமும் தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே நீரை அழுத்தி ஏற்றுவதும் இறக்குவதுமாக, ஒவ்வொரு ஏற்ற இறக்கத்தையும் ஒரு பறப்பாகக் கணக்கு வைத்தார்கள். காற்றை விட்டு நீரை எடுத்ததற்குக் காரணம் உண்டு: அழுத்தப்பட்ட காற்று கூடு பிளக்கும்போது வெடிகுண்டாகிவிடும், ஆராய எதுவும் மிஞ்சாது. நீர் அழுத்தத்தில் சுருங்குவதில்லை. விரிசல் விட்டவுடன் அழுத்தம் விழுந்து, பிளந்த இடம் பிளந்தபடி நிற்கும். ஏற்கெனவே 1,221 முறை பறந்திருந்த அந்த உடல் தொட்டியில் மேலும் 1,836 முறை தாங்கியபின் கிழிந்தது. ஒரு திறப்பின் மூலையில் கிழியத் தொடங்கியிருந்தது.

எல்பா அருகே கடலடியிலிருந்து எடுத்த துண்டுகளும் அதையே சொல்லின. ஆனால் பரவலாக நம்பப்படுவதுபோல் அங்கே முதலில் விட்டுக்கொடுத்தது பயணிகள் ஜன்னல் அல்ல. கூரையில் திசைகாட்டி ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் மூலை. காமெட்டின் ஜன்னல்களும் கூரிய மூலை கொண்ட சதுரங்கள் அல்ல. மூலைகள் சற்று உருட்டப்பட்டவை, போதிய அளவுக்கு உருட்டப்படாதவை. இழுபடும் தகட்டில் ஒரு துளை போட்டால், அந்த வழியே போக வேண்டிய இழுவிசை துளையைச் சுற்றிக்கொண்டு போகிறது. திருப்பம் எவ்வளவு குறுகலோ அவ்வளவு நெரிசல். இன்றைய ஜன்னலின் முட்டை வடிவம் அந்த நெரிசலைக் குறைக்கும் ஏற்பாடு.

என்னை இன்றும் உறுத்துவது வேறொரு செய்தி. காமெட்டைச் சோதிக்காமல் விடவில்லை. உடலின் ஒரு பகுதியை 18,000 முறை அழுத்தி இறக்கினார்கள், அதுவும் தாங்கியது. ஆனால் அதே துண்டைத்தான் அதற்கு முன் உச்ச வலிமையை அறிவதற்காக வழக்கமான அழுத்தத்தைப்போல் இரு மடங்குக்கு ஏற்றியிருந்தார்கள். அப்போது மூலைகளில் உலோகம் சற்றே இளகி நீண்டு, அழுத்தம் இறங்கியதும் தன்னைத் தானே நெருக்கிக்கொண்டு நின்றது. அந்த நெருக்கம் விரிசலைத் தடுத்தது. பயணிகளை ஏற்றிச் சென்ற விமானங்களுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. சோதனையே சோதனைப் பொருளை வலுவாக்கிவிட்டது.

கேள்வி: நடுவானில் யாராவது கதவைத் திறந்துவிட்டால்? (சேலம் வாசகர்)

எட்டு டன்னை எதிர்த்து இழுக்கும் பயில்வான் இன்னும் பிறக்கவில்லை. பல விமானங்களில் கதவு உள்ளிருந்து தக்கைபோல் அடைத்துக்கொள்ளும். அழுத்தம் ஏற ஏற இறுகும். தரைக்கு மிக அருகே, அழுத்த வேறுபாடு இல்லாதபோது மட்டும் கதை வேறு. 2024 ஜனவரி 5 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டிலிருந்து கிளம்பிய 737 மேக்ஸ் 9 விமானத்தில் சுமார் 16,000 அடி உயரத்தில் சுவரின் ஒரு பகுதி பறந்துபோனதே என்று கேட்பீர்கள். அது கதவு அல்ல, கதவு தேவைப்படாத இடத்தை மூடும் பலகை. மேலெழும்பாமல் அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய நான்கு போல்ட்டுகளும் பொருத்தப்படவே இல்லை. விமானம் திரும்பி இறங்கியது, யாரும் இறக்கவில்லை.

கேள்வி: நான் அடிக்கடி பயணம் செய்யும் விமானம் இருபது ஆண்டு பழையது என்று இணையத்தில் பார்த்தேன். ஏறலாமா? (திருச்சி வாசகர்)

ஆண்டுக் கணக்கு உடற்கூட்டுக்குப் பாதி வயதைத்தான் சொல்லும். ஒவ்வொரு பறப்பிலும் அது ஒரு முறை மூச்சை இழுத்து, ஒரு முறை விடுகிறது. இழுக்கும்போது குறுக்களவு சில மில்லிமீட்டர் கூடுகிறது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒடிவதுபோல, இந்த மூச்சுகளின் எண்ணிக்கைதான் உலோகத்தைக் களைப்பாக்குகிறது. பத்து மணி நேரம் பறக்கும் விமானம் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மூச்சு விடும். அரை மணிக்கொரு தீவில் இறங்கும் விமானம் பத்துக்கு மேல் விடும்.

ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் 737 ஒன்று அப்படி உழைத்தது. பத்தொன்பது வயதில் 89,680 பறப்புகள். 1988 ஏப்ரல் 28 அன்று 24,000 அடி உயரத்தில் அதன் முன்பகுதிக் கூரை ஐந்தரை மீட்டர் நீளத்துக்குப் பிய்ந்து போயிற்று. பணியில் நின்றிருந்த விமானப் பணிப்பெண் வெளியே இழுக்கப்பட்டு மறைந்தார். பயணிகள் இருக்கை வார்களைக் கட்டியிருந்தார்கள். திறந்த வானத்துக்குக் கீழே அவர்களோடு விமானத்தை மாவி தீவில் இறக்கினார்கள். ஒரு தகட்டின் மீது மறுதகடு படிந்து ரிவெட் அடித்த நெடுந்தையலில் ஒட்டுப்பசை ஈரத்தால் விட்டுப்போய், பாரம் முழுவதும் ரிவெட்டுகளுக்கு மாறி, வரிசையாக ஒவ்வொரு துளையிலும் கண்ணுக்கு எட்டாத விரிசல் விழுந்து, ஒரு நாள் எல்லாம் கைகோத்துக்கொண்டன என்பதே விசாரணை சொன்ன காரணம். ஏறும்போதே கதவருகே ஒரு விரிசலைக் கண்ட பயணி யாரிடமும் சொல்லவில்லை. விரிசல் நீளவாக்கில் ஓடியது தற்செயல் அல்ல. உருளையில் சுற்றுவாட்டத்து இழுவிசை நீளவாட்டத்து இழுவிசையைப்போல் இரு மடங்கு. தோட்டத்து ஹோஸ் குழாய் அழுத்தம் தாங்காமல் பிளந்தால் நீளமாகவே பிளப்பதும் இதனால்தான். அதற்குப் பிறகு மூத்த விமானங்களுக்கென்று தனிச் சோதனை முறைகள் பிறந்தன. இத்தனை பறப்புகளுக்குமேல் பறக்கக்கூடாது என்ற எல்லையை ஒவ்வொரு ரகத்துக்கும் தயாரிப்பாளரே வகுக்க வேண்டும் என்ற அமெரிக்க விதியும் வந்தது.

எங்கள் வேலை எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கைகள், தரைப் பலகைகள், பஞ்சு மெத்தைபோன்ற காப்புறைகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டால் மிஞ்சுவது பச்சைச் சாயம் பூசிய ஒரு சுரங்கம். கையில் டார்ச்சும் சிறு கண்ணாடியும். ரிவெட்டைச் சுற்றிக் கரிபோல் ஒரு கோடு பின்னோக்கி இழுத்திருந்தால் அந்த ரிவெட் தளர்ந்து ஆடுகிறது என்று பொருள், ‘புகைகிறது’ என்போம். விமானத்தில் புகைபிடிக்க அனுமதி இருந்த நாட்களில் காற்றுக் கசியும் இடத்தில் வெளித்தகட்டில் புகையிலைக் கறை மஞ்சளாகப் படிந்து, கசிவைக் காட்டிக் கொடுக்கும் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். ஒட்டு விட்டதா என்றறிய நாணயத்தால் தட்டிக்கொண்டே போவோம். ‘டிங்’ என்று வந்த ஒலி ஓரிடத்தில் ‘டொக்’ என்று அடங்கினால் அங்கே பென்சிலால் வட்டம். கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்கு, உலோகத்தில் சிறு மின்சுழல்களை எழுப்பி அவை தடைபடும் இடத்தைக் காட்டும் மின்சுழல் கருவி.

துரு அதிகம் பிடிக்கும் இடங்கள் எவை என்று கேட்டால் சிரிப்பீர்கள்: சமையலறைக்கும் கழிப்பறைக்கும் கீழே. சிந்திய காபியும் பழச்சாறும், சொல்ல வேண்டாத மற்றதும் தரைப் பலகை இடுக்கில் இறங்கி அடிவயிற்றில் தேங்கும். ஒருமுறை சரக்கறையில் மீன் பெட்டிகளிலிருந்து கசிந்த உப்புநீர் ஒரு ஃபிரேமின் அடிப்பாகத்தை அப்பளம்போல் அடுக்கடுக்காக உரித்திருந்ததைக் கண்டேன். ஆகவே திருச்சி வாசகரே, வயதைவிடக் கழற்றிப் பார்க்கும் கைகள் எப்படிப்பட்டவை என்பதுதான் கேள்வி. 1985 ஆகஸ்ட் 12 அன்று 520 உயிர்களைப் பலிகொண்ட ஜப்பானிய 747 விபத்துக்கு மூலம், ஏழாண்டுக்கு முன் வால் தரையில் உரசியபின், காற்றடைத்த பகுதியை வாலருகே மூடும் பின்புற அழுத்தச் சுவரில் செய்த பழுதுநீக்கம். இரண்டு வரிசை ரிவெட்டுகள் சுமக்க வேண்டிய பாரத்தை ஒரு வரிசையே சுமக்கும்படி தகட்டை வெட்டிப் பொருத்திவிட்டார்கள். அந்த ஒற்றை வரிசை 12,000க்கும் மேற்பட்ட பறப்புகளுக்குத் தாங்கியிருக்கிறது.

கேள்வி: 747க்கு மட்டும் திமில் எதற்கு? (அலங்காநல்லூர் வாசகர்)

கேட்க வேண்டிய ஊரிலிருந்துதான் கேட்டிருக்கிறீர்கள். ஒலியை மிஞ்சும் விமானங்கள் வந்ததும் பயணிகள் அவற்றுக்கு மாறிவிடுவார்கள், 747 சரக்கு சுமக்கத்தான் மிஞ்சும் என்று 1960களில் எண்ணினார்கள். மூக்கையே கதவாகத் தூக்கிச் சரக்கை நேராக உள்ளே தள்ள வேண்டுமானால் விமானி அறை வழியில் இருக்கக்கூடாது. அதை மாடிக்கு ஏற்றினார்கள். காற்று வழுக்கிச் செல்ல அதன் பின்புறத்தைச் சரிவாக முடித்ததில் திமில் வந்தது.

கேள்வி: புதிய விமானங்களின் உடல் பிளாஸ்டிக்கால் ஆனது என்கிறார்களே? (யாழ்ப்பாண வாசகர்)

கார்பன் இழையைப் பிசினில் தோய்த்தது. போயிங் 787 எடையில் ஏறத்தாழ பாதி அதுவே. சுழலும் பெரிய அச்சின் மீது இழைநாடாவை இயந்திரம் சுற்றிக்கொண்டே போகும். பிறகு மொத்த உருளையையும் அழுத்த அடுப்பில் வைத்து வேகவைத்து, அச்சை உள்ளிருந்து பிரித்து எடுப்பார்கள். நீளத் தையலே கிடையாது. ஏர்பஸ் ஏ350 வேறு வழியில் போயிற்று: கார்பன் பலகைகளைத் தனித்தனியே செய்து சட்டங்களில் பொருத்துகிறது. களைப்பும் துருவும் கார்பனை அலுமினியத்தைப்போல் வாட்டுவதில்லை என்பதால், 787க்குள் அழுத்தத்தைக் கூட்டிச் சுமார் 1,800 மீட்டர் உயரத்துக் காற்றைத் தர முடிகிறது. உதகையிலிருந்து குன்னூருக்கு இறங்கி வந்த மாதிரி. காற்றில் ஈரமும் கூடுதலாக வைக்கலாம், ஜன்னலும் பெரிதாகலாம். மின்னலுக்காக மட்டும் சாயத்துக்கு அடியில் மெல்லிய உலோக வலையைப் பதிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு குறை எனக்குப் படுகிறது. படிக்கட்டு வண்டி இடித்தால் அலுமினியம் நசுங்கிக் காட்டிவிடும். கார்பன் வெளியே முகம் மாறாமல் உள்ளே அடுக்கு பிரிந்து நிற்கலாம். இடித்தவர் வந்து சொன்னால்தான் தெரியும்.

கேள்வி: விமான உடல்களை இந்தியாவில் செய்கிறார்களா? (ஓசூர் வாசகர்)

செய்கிறார்கள். அப்பாச்சி ஹெலிகாப்டரின் உடல்கள் 2018 முதல் ஹைதராபாத்திலிருந்து போகின்றன. ரஃபேல் போர் விமானத்தின் உடலை அதே நகரில் செய்வதற்கு 2025 ஜூனில் ஒப்பந்தம் ஆயிற்று. பிரான்சுக்கு வெளியே அது முதல்முறை. இந்தியப் போர் விமானமான தேஜஸின் இறக்கைகளைக் கோவையில் செய்வதைச் சென்ற இதழிலேயே குறிப்பிட்டிருந்தேன்.

செய்த உடலைக் கொண்டுபோவது தனிக் கதை. 737இன் உடல் அமெரிக்காவின் விச்சிட்டாவில் உருவாகி, இறக்கை பூட்டப்படும் ரென்டனுக்கு ரயிலில் போகிறது. 2014 ஜூலை 3 அன்று மொன்டானாவில் அந்த ரயில் தடம் புரண்டது. அதில் இருந்த ஆறு உடல்களில் மூன்று கரையில் சரிந்து கிளார்க் ஃபோர்க் ஆற்றை எட்டின. ஆறையும் கழித்துக்கட்டினார்கள்.

கேள்வி: கான்கார்டு பறக்கும்போது நீளும் என்று என் தாத்தா சொல்கிறார். உண்மையா? (நாகர்கோவில் மாணவி)

தாத்தா சொல்வது உண்மை. ஒலியை மிஞ்சிப் பறந்த அந்தப் பயணிகள் விமானம் 2003இல் ஓய்வு பெற்றுவிட்டது. ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் காற்று உரசி, அழுந்திச் சூடேற்றுவதால் மூக்கு நுனி 127 டிகிரிவரை போகும். சூட்டில் உடல் 15 முதல் 25 சென்டிமீட்டர்வரை நீளும். விமானி அறையில் பொறியாளரின் கருவிப் பலகைக்கும் அடுத்த தடுப்புக்கும் நடுவே, தரையில் நிற்கும்போது விரல் நுழையாத இடத்தில், பறக்கையில் கையே நுழையும். ஓய்வு பெறப்போகும் கான்கார்டுகளின் கடைசிப் பறப்புகளில் சில பொறியாளர்கள் தங்கள் தொப்பியைக் கழற்றி அந்த இடைவெளியில் செருகினார்கள். வேகம் குறைந்து உடல் ஆறியதும் சுவர் தொப்பியைக் கவ்விக்கொண்டது; மறுபடி சூடாகும் பறப்பு எதுவும் இல்லையாதலால் இழுத்தாலும் வராது.